சொற்களுக்கு வீடு கட்டிய டாக்டர்

ஆங்கிலத்தில் 'நைஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கால் வைத்த பிள்ளைகூட அதை அறியும்.

நல்ல மனிதரைக் கண்டால் 'நைஸ்'. சாப்பாடு ருசியாக இருந்தால் 'நைஸ்'. மழை விட்டு இளவெயில் அடித்தால் அதுவும் 'நைஸ்'. புடவை அழகாக இருந்தாலும் 'நைஸ்'. பாட்டு இனிமையாக இருந்தாலும் 'நைஸ்'!

அந்தச் சொல் நம் ஊருக்கும் வந்துவிட்டது. மாவை நைசாக அரைக்கச் சொல்கிறோம். கடன் கொடுத்தவரைக் கண்டதும் நைசாக நழுவுகிறவர்களும் உண்டு. முதல் இடத்தில் அதற்கு மென்மை என்று பொருள். இரண்டாவது இடத்தில், பிறர் அறியாமல் என்று பொருள்.

இத்தனை வேலை செய்யும் இந்தச் சொல்லின் பூர்வீகம் என்ன தெரியுமா?

அறியாதவன் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவரை 'நைஸ்' என்று சொல்லியிருந்தால், அவர் சண்டைக்கு வந்திருப்பார். ஏனென்றால் அப்போது அதற்கு அசடு என்று பொருள்!

காலம் போகப் போக, அதன் பொருளும் மாறியது. எதிலும் எளிதில் திருப்தி அடையாதவரை அது குறித்தது. பிறகு நாசூக்கானது, நுட்பமானது, துல்லியமானது என்றெல்லாம் பொருள் ஏறியது. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இனிமையானது என்ற பொருள் பரவியது. பரவிய பிறகு அது ஓயவே இல்லை. புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின், 'நார்த்தாங்கர் அபே' என்னும் கதையில், எதற்கெடுத்தாலும் இந்த ஒரே சொல்லைப் போடும் வழக்கத்தைக் கேலி செய்திருக்கிறார்.

ஒரே சொல்லை எங்கும் போட்டால், பேசுவதில் உயிர் இருக்காது. சாப்பாட்டுக்கு ஏற்ற சொல் வேறு. மனிதருக்கு ஏற்ற சொல் வேறு. ஆனால் அவசரத்தில் அந்தச் சரியான சொல் வருகிறதா? மனதில் எண்ணம் இருக்கிறது. சொல்தான் தொண்டை வரை வந்து நின்றுகொண்டு அடம் பிடிக்கிறது.

இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காக ஒருவர் சொற்களைச் சேர்த்தார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. சுமார் 50 ஆண்டுகள் சேர்த்தார். அவர் புலவர் அல்ல. மொழி ஆசிரியரும் அல்ல. நாடி பிடித்து மருந்து கொடுத்த ஒரு டாக்டர்!

அவர் பெயர் பீட்டர் மார்க் ரோஜே. அவர் தொகுத்த 'தெசாரஸ்' என்ற நூல், ஆங்கிலம் எழுதுவோரின் மேஜையில் அகராதிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. தெசாரஸ் என்றால் கருவூலம் என்று பொருள்.

நோட்டுப் புத்தகமே துணை

1779-ம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ந் தேதி, லண்டன் நகரின் சோஹோ பகுதியில் பீட்டர் பிறந்தான். தந்தை ஜெனீவா நகரத்துக்காரர். லண்டனில் இருந்த பிரெஞ்சு மொழி பேசும் கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியாராக இருந்தார். தாயார் காதரின், லண்டனில் குடியேறிய ரோமிலி என்னும் பிரெஞ்சு வம்சத்துக் குடும்பத்தில் பிறந்தவர்.

பிள்ளை பிறந்து கொஞ்ச காலத்துக்குள் தந்தையை க்ஷயரோகம் பற்றிக்கொண்டது. இன்று போல் அந்த நோய்க்கு அன்று மருந்து கிடையாது. 1783-ல் அவர் காலமானார். அப்போது பீட்டருக்கு வயது 4. அவனுக்கு அன்னெட் என்று ஒரு தங்கை.

இரண்டு குழந்தைகளுடன் விதவையான தாயாருக்கு மனம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. இந்த ஊரில் சில மாதம், அந்த ஊரில் சில மாதம் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். சிறுவனுக்கு நிலையான வீடும் இல்லை. நிலையான தோழர்களும் இல்லை.

தாயாரின் குடும்பத்தில் மனநோயின் நிழல் இருந்தது. மகனே உலகம் என்று இருந்த அந்தத் தாய், முதுமையில் சித்தம் கலங்கிப் போனார். தங்கையும் அடிக்கடி மனச்சோர்வில் ஆழ்ந்தாள். பீட்டருக்கும் அந்தச் சோர்வு வராமல் இல்லை.

அதற்கு அவன் கண்ட மருந்து விசித்திரமானது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வான். அதில் சொற்களை வரிசையாக எழுதுவான். மிருகங்களுக்கு ஒரு பட்டியல். உடல் உறுப்புகளுக்கு ஒரு பட்டியல். மழை, காற்று, வெயிலுக்கு ஒரு பட்டியல். எட்டு வயதிலேயே இந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது.

வீடு மாறலாம், ஊர் மாறலாம். நோட்டில் எழுதிய சொல் எழுதிய இடத்திலேயே இருக்கும் அல்லவா?

19 வயதில் டாக்டர்

பீட்டர் படிப்பில் கெட்டிக்காரன். 14 வயதில் ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். 1798-ல், 19 வயதில், மருத்துவப் பட்டம் பெற்றான்.

மீசை முளைக்காத டாக்டரிடம் யார் வைத்தியத்துக்கு வருவார்கள்? எனவே இளைஞர் ரோஜே சில ஆண்டுகள் பெரியவர்களிடம் வேலை பழகினார்.

பிரிஸ்டல் நகரில் டாக்டர் பெடோஸ் என்பவர், வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்கலாமா என்று ஆராய்ந்து வந்தார். அங்கே ஹம்ப்ரி டேவி என்னும் இளம் விஞ்ஞானி இருந்தார். சிரிப்பு வாயுவை முகர்ந்து பார்க்கும் சோதனை அங்கே நடந்தது. முகர்ந்தவர்களில் பலர் குதித்தார்கள்; கூத்தாடினார்கள். ரோஜேயும் முகர்ந்தார். அவருக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். மனம் கட்டுக்குள் இல்லாமல் போவதை அவர் ரசிக்கவில்லை. தமக்கு நேர்ந்ததை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து, லண்டனில் அறிஞர் ஜெரமி பெந்தாமிடம் சேர்ந்தார். உணவுப் பண்டங்களைக் குளிர வைத்துப் பாதுகாக்கும் ஓர் அறையைக் கட்ட பெந்தாம் திட்டமிட்டிருந்தார். பெந்தாமின் வீட்டிலோ எதுவும் எடுத்த இடத்தில் இராது. ஒழுங்கே உயிராக இருந்த ரோஜே அங்கே நீடிக்கவில்லை.

நெப்போலியன் விரித்த வலை

1802-ல் ரோஜேக்கு ஒரு புது வேலை கிடைத்தது. மான்செஸ்டர் நகரில் பிலிப்ஸ் என்ற பஞ்சாலை முதலாளி இருந்தார். அவருடைய இரண்டு பையன்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று படிப்பு சொல்லித் தர வேண்டும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அப்போதுதான் சமாதானம் ஏற்பட்டிருந்தது. மூவரும் பாரிஸ் நகரைப் பார்த்தார்கள். பிறகு ஜெனீவா சென்று தங்கினார்கள்.

1803-ம் ஆண்டு மே மாதம் இடி விழுந்தது. சமாதானம் முறிந்து மீண்டும் யுத்தம் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட இடங்களில் இருக்கும், 18 வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலேய ஆண்களைச் சிறைப்பிடிக்கும்படி நெப்போலியன் உத்தரவு போட்டார். ஜெனீவாவும் அப்போது பிரான்சின் கையில்தான் இருந்தது.

பையன்களுக்கு 18 வயது ஆகவில்லை. ரோஜேக்கு வயது 24. அவர் பிடிபட்டால் பையன்கள் அநாதைகள். ஊரில் பெற்றோர் அவரை நம்பி அல்லவா பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள்?

ரோஜே கலங்கினார், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தம்முடைய தந்தை ஜெனீவாவில் பிறந்தவர் என்பது அவருக்கு நினைவு வந்தது. தந்தை ஜெனீவாக் குடிமகன் என்றால், தாமும் ஜெனீவாக்காரர்தானே! உடனே பழைய ஆவணங்களைத் தேடினார். அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். கடைசியில், அவர் ஆங்கிலேயர் அல்ல என்று சர்டிபிகேட் கிடைத்தது.

அதை வைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசினாலும் ஆபத்து. எனவே வழியெல்லாம் பிரெஞ்சு மொழியே பேசினார்கள். சுவிட்சர்லாந்து வழியாக ஜெர்மனிக்குள் புகுந்து, அந்த ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

அகப்பட்டுக்கொண்ட ஆங்கிலேயரில் பலருக்கு 1814-ல்தான் விடுதலை கிடைத்தது. 11 ஆண்டுகள்! நினைவு தெரியும் முன்பே மறைந்துபோன தந்தை, தம் ஊர்ப் பெயரால் மகனைக் காப்பாற்றிவிட்டார்.

முதல் பட்டியல்

மான்செஸ்டர் நகரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் ரோஜேக்கு டாக்டர் வேலை கிடைத்தது. பஞ்சாலைப் புகை சூழ்ந்த ஊர். நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர்கள். பகலில் வைத்தியம் பார்த்தார். மாணாக்கர்களுக்கு உடற்கூறு பற்றிப் பிரசங்கம் செய்தார்.

பிரசங்கம் செய்யவும் கட்டுரை எழுதவும் தொடங்கியபோதுதான், சொல் கிடைக்காத சங்கடம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. அப்போது அகராதிகள் இருந்தன. டாக்டர் ஜான்சனின் பெரிய அகராதி 1755-லேயே வந்துவிட்டது. ஆனால் அகராதி என்ன செய்யும்? சொல் தெரிந்தால் பொருள் சொல்லும். ரோஜேக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பொருள் தெரிகிறது, சொல் வேண்டும்!

1805-ல், 26 வயதில், அவர் தம் சொந்த உபயோகத்துக்காக ஒரு பட்டியல் தயாரித்தார். சொற்களை அகர வரிசையில் எழுதவில்லை. ஒரே கருத்தைச் சேர்ந்த சொற்களை ஒரே இடத்தில் எழுதினார். சிறு வயதில் மிருகங்களுக்கும் மழைக்கும் போட்ட அதே பட்டியல்தான். இப்போது அது ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்டதாக வளர்ந்துவிட்டது.

அந்த நோட்டை அவர் அச்சிடவில்லை. யாரிடமும் பெருமையாகக் காட்டவும் இல்லை. பெட்டியில் வைத்துக்கொண்டார். எழுதும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தார். புதுச் சொல் அகப்பட்டால் சேர்த்தார்.

லண்டனில் ஏறுமுகம்

பிறகு ரோஜே லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1810-ல், ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்யும் ஒரு மருந்தகம் நகரின் வடபகுதியில் ஏற்பட அவர் முன்நின்றார். அங்கே 18 ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார்.

அவருடைய மூளை ஒரு துறையில் அடங்கவில்லை. கணக்குப் போடுவதற்கு அந்நாளில் 'ஸ்லைடு ரூல்' என்ற அளவுகோல் கருவி உண்டு. அதைக் கொண்டு வர்க்கம், வர்க்கமூலம் போன்ற கணக்குகளை மட்டுமின்றி, எந்தப் படிமடங்கையும் எந்த மூலத்தையும் எளிதில் கண்டுபிடிக்கும் புதிய அளவு முறையை அவர் அமைத்தார். அதற்கான கட்டுரை 1814-ல் ராயல் சொசைட்டி என்னும் விஞ்ஞானிகள் சங்கத்தில் படிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் அதன் உறுப்பினரானார்.

கலைக்களஞ்சியத்துக்கு எறும்பைப் பற்றி எழுதினார். தேனீயைப் பற்றி எழுதினார். காது கேளாதோரைப் பற்றியும் எழுதினார். சதுரங்கப் புதிர்களை அவிழ்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

லண்டன் மக்கள் குடிக்கும் தேம்ஸ் நதித் தண்ணீரை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதில் ரோஜேயும் ஒருவர். பாலம் கட்டுவதில் புகழ்பெற்ற எஞ்சினீயர் தாமஸ் டெல்போர்டும் ஒருவர். சாக்கடை கலந்த தண்ணீரைத்தான் ஜனங்கள் குடிக்கிறார்கள் என்று 1828-ல் அந்தக் குழு எடுத்துக் காட்டியது.

மாமனின் மரணம்

ரோஜேயின் வாழ்வில் பெரிய இடி 1818-ல் விழுந்தது.

தந்தை இல்லாத பீட்டருக்குத் தந்தையாக நின்றவர் தாய்மாமன் சர் சாமுவேல் ரோமிலி. அவர் பெரிய வக்கீல், பார்லிமெண்ட் உறுப்பினர். சிறு திருட்டுக்குக்கூட மரண தண்டனை விதித்து வந்த கொடிய சட்டங்களை மாற்றப் பாடுபட்டவர். நாடே அவரை மதித்தது.

அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் அவருடைய மனைவி இறந்தார். மனைவியின் பிரிவை ரோமிலியால் தாங்க முடியவில்லை. மருமகன் ரோஜே டாக்டராக உடன் இருந்து கவனித்தார். ஆனால் நவம்பர் 2-ந் தேதி, ஒரு கண நேரத் தனிமையில், ரோமிலி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

ரோஜே துடித்துப் போனார். எத்தனையோ பேருக்கு வைத்தியம் செய்தவர், தம்மை வளர்த்தவரைக் காப்பாற்ற முடியவில்லை. குடும்பத்தைத் தொடர்ந்து வந்த அந்த நிழல், இவ்வளவு உறுதியான மனிதரையும் வீழ்த்திவிட்டதே என்ற திகில் வேறு.

அவர் மனம் தேற நெடுநாள் ஆயிற்று. ஆனாலும் வேலையை விடவில்லை. வேலைதான் அவருக்கு ஊன்றுகோல்.

குறுகிய இல்லறம்

1824-ம் ஆண்டு நவம்பர் மாதம், 45 வயதில், ரோஜே திருமணம் செய்துகொண்டார். மணமகள் மேரி ஹாப்சன், லிவர்பூல் பருத்தி வியாபாரியின் மகள்.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஒரு புதுமையான கட்டுரை அவரிடமிருந்து வந்தது. ஜன்னல் மறைப்பின் இடுக்குகள் வழியாகத் தெருவில் ஓடும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தால், அதன் நேரான ஆரக்கால்கள் வளைந்து தெரிகின்றன. ஏன்? கண்ணில் விழுந்த காட்சி உடனே மறையாமல் சிறிது நேரம் தங்குவதே காரணம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதன்பின் மற்ற விஞ்ஞானிகளும் இதை ஆராய்ந்தார்கள். ஓடுவது போல் தோன்றும் படங்களைக் காட்டும் விளையாட்டுக் கருவிகள் பிறந்தன. சினிமாவின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இன்றும் ரோஜேயின் கட்டுரையைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

1825-ல் மகள் கேட் பிறந்தாள். 1828-ல் மகன் ஜான் பிறந்தான். ரோஜேயின் வாழ்வில் இன்பமான ஆண்டுகள் இவைதான்.

அந்த இன்பம் 9 ஆண்டுகூட நிலைக்கவில்லை. மேரியைப் புற்றுநோய் தாக்கியது. 1833-ல் அவர் கண் மூடினார். மகளுக்கு வயது 7. மகன் அவளைவிடச் சிறியவன். டாக்டரின் கையில் மறுபடியும் மருந்து இல்லை!

மனைவி மறைந்த மறு ஆண்டு, மிருகங்களின் உடலும் தாவரங்களின் உடலும் இயங்கும் விதத்தை விளக்கி இரண்டு பெரிய பாகங்கள் கொண்ட நூலை அவர் வெளியிட்டார். துக்கம் வந்தபோதெல்லாம் ரோஜே செய்தது ஒன்றே. சிதறிக் கிடப்பவற்றை வரிசைப்படுத்தினார்.

ஓய்வு அல்ல, தொடக்கம்

1827 முதல் ராயல் சொசைட்டியின் செயலாளராக அவர் பதவி வகித்தார். 21 ஆண்டுகள்! சங்கத்தில் சில பூசல்கள் எழுந்தன. அவற்றில் அவர் பெயரும் அடிபட்டது. 1848-ல் பதவியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 69.

அந்த வயதில் பலர் பேரப் பிள்ளைகளுடன் பொழுதைப் போக்குவார்கள். ரோஜே பழைய பெட்டியைத் திறந்தார். 1805-ல் எழுதிய நோட்டை வெளியே எடுத்தார்.

43 ஆண்டுகளாகத் தமக்கு மட்டும் உதவிய நோட்டு, பிறருக்கும் உதவாதா? அவர் உட்கார்ந்தார். மூன்று, நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் உழைத்தார். பட்டியல் பல மடங்கு பெருகியது. 1852-ல் லண்டன் லாங்மன் கம்பெனியார் அதை நூலாக வெளியிட்டார்கள். ஆசிரியருக்கு வயது 73!

ஆயிரம் அறைகள்

அந்த நூலை ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு கட்டுகள்.

முதல் கட்டில் இருத்தல், இல்லாமை, எண், காலம், மாற்றம் போன்ற பொதுக் கருத்துக்கள். இரண்டாவது கட்டில் இடமும் அசைவும். மூன்றாவதில் உலகத்துப் பொருள்கள். நான்காவதில் அறிவு. ஐந்தாவதில் மனிதனின் விருப்பமும் செயலும். ஆறாவதில் அன்பு, கோபம், பயம் போன்ற உணர்ச்சிகள்.

இந்த ஆறு கட்டுகளிலும் சேர்த்து 1,000 அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரே கருத்தைச் சேர்ந்த சொற்கள் கூடியிருக்கும். அழகு என்ற அறைக்கு எதிரே அவலட்சணம் என்ற அறை. நன்மைக்கு எதிரே தீமை. வேண்டிய சொல்லையும் அதற்கு எதிரான சொல்லையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

எந்த அறைக்குப் போவது என்று தெரியாதவருக்கு, நூலின் கடைசியில் அகர வரிசை அட்டவணை உண்டு. முதலில் பார்த்த 'நைஸ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிற்காலப் பதிப்புகளின் அட்டவணையில் அது ஐந்தாறு அறைகளுக்கு வழி காட்டுகிறது. சுவை ஓர் அறை. நுட்பமாகப் பிரித்தறிவது ஓர் அறை. துல்லியம் ஓர் அறை. இன்பம் தருவது ஓர் அறை. எளிதில் திருப்தி அடையாமை ஓர் அறை. எந்தப் பொருளில் சொல்ல வந்தோமோ, அந்த அறைக்குள் நுழைந்தால் தக்க சொல் கிடைக்கும். சாப்பாட்டுக்கு 'டெலிஷஸ்', துல்லியத்துக்கு 'எக்ஸாக்ட்', இனிய மனிதருக்கு 'அக்ரீயபிள்'.

நம் நாட்டு முன்னோடி

சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுப்பதில் தாமே முதல்வர் என்று ரோஜே சொல்லிக்கொள்ளவில்லை. தமக்குத் தெரிந்த முன்னோடி நூல்களில் மிகப் பழையது என்று, நூலின் முன்னுரையில் ஒன்றைக் குறிப்பிட்டார். அது எது தெரியுமா? அமரசிம்மர் செய்த 'அமரகோசம்' என்னும் சமஸ்கிருத நிகண்டு! அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கோல்புரூக் என்ற அறிஞர் 1808-ல் வங்காளத்தில் உள்ள சீரம்பூரில் அச்சிட்டிருந்தார்.

தமிழிலும் திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் உண்டு. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாக அவை சொற்களை அடுக்கியிருக்கின்றன. ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் தனித் தொகுதியும் திவாகரத்தில் இருக்கிறது. ரோஜேயின் பட்டியலில் தமிழ் நிகண்டுகள் இடம்பெறவில்லை.

ஒரு வித்தியாசமும் உண்டு. நிகண்டு மனப்பாடம் செய்வதற்காகப் பாட்டில் அமைந்தது. ரோஜேயின் நூல் வேண்டியபோது புரட்டிப் பார்ப்பதற்காக அமைந்தது.

ஓர் எச்சரிக்கை

ரோஜேயின் நூலில் சொற்களுக்குப் பொருள் விளக்கம் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் சொற்கள் நிற்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒரே ஆள் ஆகிவிடுவார்களா?

தமிழில் பாருங்கள். மெலிந்தவர் என்றாலும் நோஞ்சான் என்றாலும் உடம்பு ஒன்றுதான். ஆனால் முதலாவது கேட்டால் ஒருவர் சும்மா இருப்பார். இரண்டாவது கேட்டால் கோபிப்பார். ஆங்கிலத்திலும் அப்படியே. முற்றிலும் ஒரே பொருள் கொண்ட இரண்டு சொற்கள் மிக அபூர்வம். ஆகவே பகட்டான சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டால், கேலிக்கு இடமாகும்.

ரோஜே இதை அறிந்தவர். சொல் அறியாதவருக்குச் சொல் கற்பிப்பது அவருடைய நோக்கம் அல்ல. ஏற்கெனவே அறிந்து, சமயத்தில் மறந்துவிட்ட சொல்லை நினைவூட்டுவதே நோக்கம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆறு கட்டுகளையும் ஆயிரம் அறைகளையும் அமைத்ததுதான் தம்முடைய பெரிய சாதனை என்று ரோஜே கருதினார். ஆனால் நூலை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. கடைசிப் பக்க அட்டவணையைப் பார்த்தார்கள். சொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள்!

90 வயது வரை

நூலுக்கு வரவேற்பு பெருகியது. ரோஜேயின் ஆயுளுக்குள் 28 பதிப்புகள் வந்தன. அவர் கடைசி வரை ஓயவில்லை. தம் பிரதியின் ஓரங்களில் புதுச் சொற்களை எழுதிக்கொண்டே இருந்தார்.

1869-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ந் தேதி, கோடையைக் கழிக்கச் சென்றிருந்த மேற்கு மால்வர்ன் என்ற மலையூரில் அவர் காலமானார். வயது 90. அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் ஜான் லூயிஸ் ரோஜே தொடர்ந்தார். தந்தை சேர்த்து வைத்திருந்த சொற்களையும் சேர்த்து 1879-ல் விரிவான பதிப்பை வெளியிட்டார். மகனுக்குப் பின் பேரன் சாமுவேல் ரோமிலி ரோஜே அந்தப் பணியை ஏற்றார். பேரனுக்கு இட்ட பெயரைக் கவனித்தீர்களா? 1818-ல் மறைந்த தாய்மாமனின் பெயர்!

1920-களில் குறுக்கெழுத்துப் போட்டி மோகம் பரவியபோது, நூலின் விற்பனை இன்னும் உயர்ந்தது. 'பீட்டர் பான்' நாடகத்தை எழுதிய ஜே.எம். பாரி, கொடிய கடற்கொள்ளைத் தலைவனின் அறையிலும் ஒரு தெசாரஸ் இருப்பதாகக் காட்டினார். இன்று ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் வேண்டும் என்றால், கம்ப்யூட்டரே பட்டியலை நீட்டுகிறது. அதற்கும் தெசாரஸ் என்றே பெயர்.

ரோஜே அமைத்த ஸ்லைடு ரூலை இன்று யாரும் கையில் எடுப்பதில்லை. அவருடைய மருத்துவ நூல்கள் பழையனவாகிவிட்டன. அவர் வகித்த பதவிகளின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. எது தம் மனத்தை அமைதிப்படுத்த, யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதப்பட்டதோ, அதுவே நிலைத்து நிற்கிறது.

தாயின் மனத்தை அவரால் ஒழுங்குபடுத்த முடியவில்லை. மாமனையும் மனைவியையும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரங்களுக்கிடையே அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இடம் தேடிக் கொடுத்தார். சொல் அகப்படாமல் தவிக்கும் எத்தனையோ பேர், இன்றும் அந்த வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள்.